முனியப்பனின் கைகள்

1

சென்ற வாரம் என் மகளின் பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொன்னார்களாம். 'அப்பா பிறந்த ஊர்' என்று தலைப்பு. மற்றப் பிள்ளைகள் ஐராவதி ஆற்றையும் படகுகளையும் மாந்தலே மலையையும் வரைந்திருக்கிறார்கள். என் மகள் மல்லிகா ஒரு வயலும், அதன் நடுவே உட்கார்ந்திருக்கும் புத்தரும் வரைந்து, புத்தருக்குக் கன்னங்கரேலென்று கறுப்பு பூசிவிட்டாள். ஆசிரியை, "புத்தருக்குப் பொன் நிறமல்லவா பூச வேண்டும்? ஏன் கரி பூசினாய்?" என்று கேட்டிருக்கிறார். "அப்பா ஊரில் அவர் கறுப்பு. பெயரும் வேறே," என்றாளாம் இவள். விளைவு, என்னை வரச்சொல்லி ஆள் வந்தது.

போனேன். விளக்கினேன். இருபத்து நான்கு வருடம் இந்த நாட்டில் இருந்தும் என் பர்மியப் பேச்சில் அவசரம் வந்தால் தமிழ் புகுந்துவிடும். ஆசிரியை பொறுமையாகத் தலையாட்டினார். புரிந்துதான் ஆட்டினாரா என்பது தெரியாது. வீட்டுக்கு வந்ததும், இதை நம் ஊர்க்காரர்களுக்காவது தமிழில் ஒழுங்காக எழுதி வைப்போம் என்று தோன்றியது. மல்லிகாவுக்குத் தமிழ் பேச்சு அரைகுறை, எழுத்து அறவே கிடையாது. அவளுக்காகவும் எழுதுகிறேன் என்றால் அது வீண் பேச்சு. இருந்தாலும் எழுதுகிறேன்.

2

என் பெயர் முருகேசன். இங்கே 'கோ சான்' என்பார்கள். கிருஷ்ணகிரிக்கு வடக்கே குருபரப்பள்ளிச் சாலையிலிருந்து தென்பெண்ணைப் பக்கம் இறங்கினால் எங்கள் ஊர். முப்பது வீடு. கேழ்வரகும் அவரையும் விளையும் பூமி. பத்தொன்பது வயதில் ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவன், ஒரு காய்ச்சலுக்குப் பிறகு மூட்டை தூக்க முடியாமல் மாந்தலேக்கு வந்து, கோ பா துன் என்பவருடைய சிலைப் பட்டறையில் தண்ணீர் சுமக்கச் சேர்ந்தேன். பிறகு அவர் தங்கை மா தின்னைக் கட்டிக்கொண்டேன். யுத்தத்தில் நம்மவர்கள் லட்சக்கணக்கில் நடந்தே ஊர் திரும்பியபோது மா தின் வீட்டார் என்னைப் போக விடவில்லை. இப்போது தங்கத் தாள் ஒட்டுவது என் வேலை.

அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பட்டறைச் சிலைகள் கல்லும் அல்ல, வெண்கலமும் அல்ல. முதலில் களிமண்ணில் உருவம் செய்வோம். அதன்மேல் ஒரு மரத்தின் கறுத்த பாலில் தோய்த்த துணியைச் சுற்றி, ஈரம் கசியும் நிலவறையில் காய வைப்போம். காய்ந்ததும் இன்னொரு துணி. மாதக்கணக்கில் இப்படி. கடைசியில் உள்ளே இருக்கிற களிமண்ணை உடைத்து எடுத்துவிட்டால் சிலை கூடாகிவிடும். ஆள் உயரப் புத்தரை ஒருவனே தூக்கிவிடலாம். அந்தப் பால் பட்டு முதல் வருடம் என் இரண்டு கையும் பூசணிக்காய் போல வீங்கிக் கிடந்தன. கறுப்புச் சிலைமேல் கடைசிப் பூச்சு பூசி, அது விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிற பதத்தில் தங்கத் தாளை வைக்க வேண்டும். மூச்சு விட்டால் தாள் பறந்துவிடும். ஒரு சதுரத் தாள் ஒட்டி முடிகிறவரை மூச்சை அடக்கித்தான் ஆகவேண்டும்.

"இவ்வளவு தங்கம் அவருக்கு எதற்கு மச்சான்? எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனவர்தானே?" என்று ஒருமுறை பா துன்னிடம் கேட்டேன்.

"அவருக்கு எதற்கு? ஒட்டுகிற உன் கை கொஞ்ச நேரம் நடுங்காமல் இருக்கிறது, மூச்சு நிற்கிறது, வேறு நினைப்பு இல்லை. அதற்குத்தான்," என்றார்.

எங்கள் புத்தர்கள் எல்லாருக்கும் இடக்கை மடியில் இருக்கும், வலக்கை முழங்கால்மேல் தொங்கி விரல் நுனி மண்ணைத் தொடும். ஞானம் பெறப் போகிற வேளையில் அவர் தவத்தைக் கலைக்க மாரன் வந்து, 'இந்த இடத்தில் உட்கார உனக்கு என்ன உரிமை? உனக்குச் சாட்சி யார்?' என்று கேட்டானாம். அவர் ஒன்றும் பேசாமல் பூமியைத் தொட்டாராம். பூமியே சாட்சி சொன்னதாம். பா துன் முதன்முதலில் இதைச் சொன்னபோது எனக்கு வெளிநாட்டார் பதிவு அலுவலகம்தான் ஞாபகம் வந்தது. அங்கேயும் வருடா வருடம் இதே கேள்வி. பிறந்த ஊர் எது, வந்த கப்பல் எது, சாட்சி யார்? எழுத்தர் 'கிஷ்ணகீ' என்று எழுதுவார். நான் திருத்துவதில்லை.

3

புத்தர் மறைந்த இரண்டாயிரத்து ஐந்நூறாவது ஆண்டு விழா இந்த நாட்டையே ஒரு உலுக்கு உலுக்கியது. பட்டறையில் இரண்டு வருடத்துக்கு மூச்சு விட நேரமில்லை. விழா முடிந்த கையோடு அண்ணன் கோவிந்தனிடமிருந்து கடிதம் வந்தது. தென்பெண்ணையில் அணை கட்டுகிறார்களாம். எங்கள் ஊர் தண்ணீருக்குள் போகப் போகிறது, மேட்டில் வேறு இடம் கொடுத்திருக்கிறார்கள், பார்க்க வேண்டுமானால் இப்போதே வா என்று எழுதியிருந்தார்.

மூன்று மாதத்துக்குள் திரும்பி வந்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதிச் சீட்டு கிடைத்தது. புறப்படுகிற அன்று மா தின் நூறு தங்கத் தாள் அடங்கிய ஒரு பொட்டலத்தை என் துணிக்குள் வைத்தாள். "உங்கள் ஊரில் யார் சாமியோ அவருக்கு ஒட்டிவிட்டு வா," என்றாள்.

ஊரில் நான் கண்டது வீடுகள் அல்ல, பிரித்துப் போட்ட கதவுகளும் உத்தரங்களும்தான். அம்மா போய் எட்டு வருடம் ஆகியிருந்தது. அண்ணி ராஜம்மா எனக்குக் களி கிண்டிப் போட்டார். "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று கேட்டதற்கு நான் "ஹொக்கே" என்றேன். பர்மியர்கள் 'ஆமாம்' சொல்லுவது அப்படி. அண்ணி கரண்டியோடு நின்றுவிட்டார்.

"என்னாப்பா, ஓக்காளிக்கறியா? களி புடிக்கலியா?"

அண்ணன் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. எனக்கும் சிரிப்புதான். ஆனால் அதன்பின் ஊரில் இருந்தவரை ஒவ்வொரு வார்த்தையையும் வாய்க்குள் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வெளியே விட்டேன்.

மறுநாள் காலை முனியப்பனைப் பார்க்கப் போனேன். வயல் நடுவில், இடுப்பு வரை மண்ணுக்குள் புதைந்து நிற்கிற கறுப்புச் சாமி. அதாவது நிற்பதாகத்தான் ஊரே நம்பியிருந்தது. கீழே கையில் வெட்டரிவாள் இருக்கிறது, அதை மண் மூடியிருப்பதால்தான் ஊர் பிழைத்தது என்பார்கள். முகத்தில் வெள்ளியில் செய்த உருட்டுக் கண், முறுக்கு மீசை. தலைமுறை தலைமுறையாக ஊற்றின எண்ணெய் உடம்பெல்லாம் பொருக்குத் தட்டியிருந்தது. நான் சிறு வயதில் அந்தக் கண்ணை நிமிர்ந்து பார்த்ததே இல்லை.

அன்று பார்த்தேன். பிறகு தொட்டேன். என் விரல்கள் தாமாகவே காதுக்குப் போயின. தினமும் தாள் ஒட்டுகிற பழக்கம். காது மடல் கீழே இறங்கி, இறங்கி, கிட்டத்தட்டத் தோளைத் தொட்டது. தலையில் பொருக்குக்கு அடியில் சின்னச் சின்னச் சுருள்கள். உச்சியில் ஒரு மேடு. இடத் தோளிலிருந்து மார்பின் குறுக்கே மெல்லிய சீலை மடிப்பு. வெள்ளிக் கண்ணின் ஓரத்தைத் தடவினேன். உள்ளே கல்லில் வேறு கண், பாதி மூடியது, கீழ்நோக்கியது.

அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். இருபது வருடமாக நான் தினமும் முகம் துடைத்துவிடுகிறவர், நான் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்கள் வயலில் காத்திருந்திருக்கிறார்.

4

அண்ணனிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"உங்கூரு சாமியக் கொண்டாந்து எங்கூரு சாமி மேல ஏத்தாத. அப்பன் பாட்டன் கும்பிட்டது முனியப்பன். நீ பாத்த வேலைக்கு எல்லாக் கல்லும் புத்தராத்தான் தெரியும்."

'உங்கூரு' என்ற சொல்தான் தைத்தது. மாலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது அண்ணி மட்டும் மெதுவாகக் கேட்டார்: "அங்க அவரு எப்பிடிப்பா உக்காந்திருப்பாரு?" நான் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து வலக்கையால் மண்ணைத் தொட்டுக் காட்டினேன். மாரன் கதையைச் சொன்னேன். அண்ணி வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது ஊரில் பெரிய வழக்கு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சாமியை மேட்டுக்கு எடுத்துக்கொண்டு போவதா, விட்டுவிடுவதா? பூசாரி சின்னப்பா, வீட்டில் தெலுங்கும் கோயிலில் தமிழும் பேசுகிறவர், எடுக்கவே கூடாது என்றார்.

"மண்ணோட ஒட்டுன சாமி. பேத்தா ஊரே அழிஞ்சி போயிரும்."

"ஊருதான் போவுதே! இன்னும் என்னாத்த அழியறதுக்கு?" என்றார் அண்ணி. அண்ணிக்கு ஆறு வருடம் பிள்ளையில்லாமல் இருந்து, முனியப்பனிடம் வேண்டிக்கொண்டபின் பிறந்தவன் என் அண்ணன் மகன். அந்தச் சாமியைத் தண்ணீருக்குள் விட்டுவிட்டுப் போக அண்ணியால் முடியாது.

இப்படி இழுபறியாக இருக்கும்போது சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மூழ்கப் போகிற பூமியில் பழைய கல், கல்வெட்டு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிற வேலை அவருக்கு. கண்ணாடி போட்ட, மெலிந்த, மரியாதையான மனிதர். முனியப்பனைச் சுற்றிச் சுற்றி வந்தார். பின்னந்தலையை வெகுநேரம் பார்த்தார். வெள்ளிக் கண்ணைக் கொஞ்சம் எடுக்க முடியுமா என்று கேட்டார். பூசாரி முடியாது என்றுவிட்டார். கூட்டத்தில் யாரோ, "பர்மாக்காரரு இருக்கறாரே, அவரு இந்த வேலதான் செய்யறாரு," என்று என்னை முன்னே தள்ளிவிட்டார்கள்.

"நீங்க புத்தர் சிலை செய்யறவரா?" என்றார் அதிகாரி. "அப்ப உங்களுக்குத் தெரியாம இருக்காது. எனக்கு இது புத்தர்னு படறது. புத்தர்னா ரொம்பப் பழசு, நாட்டுச் சொத்து. பத்திரமா சென்னைக்குக் கொண்டுபோய் வெச்சிடலாம். ஊர்ச் சாமின்னா நீங்களே எடுத்துட்டுப் போங்க. சொல்லுங்க, இது புத்தர்தானே?"

ஊரே என் வாயைப் பார்த்தது. 'ஹொக்கே' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மா தின்னோடு உட்கார்ந்து ஒவ்வொரு பௌர்ணமிக்கும் நான் ஐந்து உறுதி சொல்கிறவன். பொய் சொல்லமாட்டேன் என்பது அதில் ஒன்று. யார் முன்னால் அதைச் சொல்கிறேனோ அவரே எதிரில் இருக்கிறார். அந்தப் பக்கம் அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"முனியப்பனுங்க," என்றேன்.

"நிச்சயமா?"

"எனக்கு வெவரம் தெரிஞ்ச நாளா முனியப்பன்தானுங்க."

அதிகாரி என் முகத்தைப் பார்த்தார். பிறகு குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதி மூடினார். போகும்போது செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சிலைக்கு நேரே நின்று கையெடுத்துக் கும்பிட்டார். "பத்திரமா வெச்சுக்குங்க," என்று என்னிடம் மட்டும் சொன்னார். அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியும் என்பதும் தெரிந்திருந்தது.

5

வேற்று ஆள் எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்ற பயம் வந்ததும் பூசாரியின் பேச்சு மாறிவிட்டது. "நாமளே எடுத்துக்கலாம்," என்றார். ஆனால் நல்ல நாள் பார்த்தார். அந்த நாளும் என் கப்பல் நாளும் ஒன்றாகப் போயிற்று. அண்ணன், "நீ கெளம்பு, எங்க வேலைய நாங்க பாத்துக்கறம்," என்றார். நான் போகவில்லை. அந்தக் கப்பலை விட்டால் அடுத்த கப்பல் என் அனுமதிச் சீட்டின் நாள் கடந்துதான் ரங்கூன் சேரும் என்று தெரியும். தெரிந்தேதான் இருந்தேன்.

காலை வெயில் ஏறுமுன் தோண்ட ஆரம்பித்தார்கள். முதலில் வயிறு வந்தது. அதற்குக் கீழே கால் வரும் என்று கடப்பாரையை ஆழமாகப் போட்டவன், "ஏய், கல்லு அகலமாப் போவுதுடா!" என்று கத்தினான். கையால் மண்ணைத் தள்ளினோம். ஒரு முழங்கால் பக்கவாட்டில் வந்தது. மறு முழங்கால் வந்தது. நடுவில் ஒன்றின்மேல் ஒன்றாக, மேல்நோக்கி விரித்து, மடியில் வைத்த இரண்டு கைகள்.

மேலே எண்ணெயும் புகையும் குடித்துக் கறுத்த உடம்பு. கைகள் மட்டும் நேற்றுச் செதுக்கியவை போல வெளிர் சாம்பலாக இருந்தன. விரல் நகம்கூடத் தெரிந்தது. வெட்டரிவாள் இல்லை.

"உக்காந்தா இருந்தாரு?" என்றார் அண்ணி. "இத்தன காலமா நிக்கறாரு நிக்கறாருன்னு நெனச்சிக்கினு இருந்தமே."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். இடுப்புத் துண்டை அவிழ்த்து அந்தக் கைகளில் ஒட்டிய மண்ணைத் துடைத்தார். பூசாரி என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"நெசமாச் சொல்லு. நீ அங்க செய்யறது இவரத்தான?"

"ஆமாங்க."

வழியனுப்புப் பலிக்கு ஒரு ஆடு கட்டியிருந்தது. பூசாரி அதைப் பார்த்தார், கைகளைப் பார்த்தார். "கையில ஒண்ணுமே இல்லாத சாமிக்கு எப்பிடிடா ஆடு வெட்டறது?" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார். சிலர் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் ஆட்டை ஊர் எல்லைக்குக் கொண்டுபோய், வழியில் இருக்கிற காத்துக் கருப்புக்கு என்று சொல்லி வெட்டினார்கள். சாமிக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். எனக்கு அது முழு நிம்மதி இல்லை. ஆனால் அதற்குமேல் கேட்க நான் யார்?

தாள் ஒட்டலாமா என்று பூசாரியிடம் கேட்டேன். எண்ணெய் ஊறிய உடம்பில் எதுவும் நிற்காது. கைகளில் நிற்கும். எங்கள் மரப்பால் இங்கே ஏது? வேலம்பிசினைக் கரைத்து வடிகட்டி மெலிதாகப் பூசினேன். பர்மாவில் செய்வதுபோல ஆளுக்கு ஒரு தாள் என்று வரிசையாக வரச்சொன்னேன். அங்கே சில பெரிய கோயில்களில் பெண்கள் சிலையைத் தொட முடியாது. மா தின் எட்ட நின்று என் கையில் தாளைக் கொடுப்பாள். இங்கே முதல் தாளை அண்ணி ஒட்டினார்.

"மூச்சு உடாதீங்க அண்ணி."

அண்ணி கண்ணையும் சேர்த்து மூடிக்கொண்டார். தாள் பதிந்தபின் திறந்து பார்த்து, "அங்க மண்ணத் தொட்டுக்கினு இருப்பாருன்னியே, இங்க ஏன் தொடல?" என்று கேட்டார்.

"அது சாட்சி கேட்ட நேரம் அண்ணி. இது சும்மா தியானத்துல இருக்கற நேரம்."

"இடுப்பு வரைக்கும் மண்ணுக்குள்ளயே இருக்கறவரு, தனியா எங்க தொடறது?" என்றார் அண்ணி. சொல்லிவிட்டு அடுத்தவருக்கு இடம் விட்டு நகர்ந்தார்.

மரம் வாங்கி விற்கிற பாய் ஒருவர் தம் பெரிய வண்டியையும் இரண்டு ஜோடி மாட்டையும் அனுப்பியிருந்தார். இருட்டுமுன் மேடு சேர்ந்துவிட்டோம். எதிர் வெயில் பட்டபோது அந்த மடி ஒரு கிண்ணம் நெருப்புப் போல இருந்தது.

6

ரங்கூனில் இறங்கினதும் பிடித்துக்கொண்டார்கள். அனுமதி முடிந்து ஒன்பது நாள். இங்கே குடியிருப்பதற்கு நேரில் வந்து சாட்சி சொல்ல ஆள் வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த கப்பலில் திருப்பி அனுப்புவோம் என்றார்கள். ஒரு கொட்டகையில் பதினோரு நாள் இருந்தேன். பன்னிரண்டாம் நாள் மா தின்னும் மல்லிகாவும் பா துன்னும் ரயிலேறி வந்து சேர்ந்தார்கள். 'இவர் உங்களுக்கு என்ன உறவு?' என்ற இடத்தில் பா துன் 'என் தம்பி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தங்கையின் கணவன் என்று எழுத வேண்டும் என்றார் அலுவலர். "எழுதினது எழுதினதுதான்," என்றார் பா துன்.

மா தின் வெளியே வந்ததும் திட்ட ஆரம்பித்தவள் ரயிலில் பாதி வழி வரை திட்டினாள். ஓய்ந்தபின் நடந்ததையெல்லாம் சொன்னேன். அதிகாரியிடம் சொன்னதையும் மறைக்கவில்லை.

"பொய் சொன்னாயா?" என்றாள். "அவர் முன்னாலேயே?"

"சொன்னேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே பார்த்தபடியே, "அந்தக் கைகளில் என் தாள் எத்தனை ஒட்டினாய்?" என்று கேட்டாள். நூறும் என்றேன். அதற்குப்பின் அந்தப் பொய்யைப் பற்றி அவள் பேசவில்லை. எனக்கு இன்னும் அது உறுத்தத்தான் செய்கிறது. பௌர்ணமிக்கு ஐந்து உறுதி சொல்லும்போது அந்த வரியில் என் குரல் இறங்கிவிடும்.

எல்லாம் கேட்ட பா துன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "புது இடத்தில் அவருக்கு நிழல் இருக்கிறதா?"

நான் அதைக் கவனிக்கவில்லை. யோசித்துப் பார்த்தேன். மொட்டை மேடு. ஒரு மரம் கிடையாது. அன்றைக்கே அண்ணனுக்கு எழுதிப் போட்டேன்.

ஒரு வருடத்துக்கு மேல் கழித்து, இந்த மாதம்தான் பதில் வந்தது. அண்ணி சொல்லச் சொல்ல அண்ணன் எழுதியிருக்கிறார். பழைய ஊர் முழுக்கத் தண்ணீர். காற்றடித்தால் கடல் மாதிரி அலை அடிக்கிறது. கையில் ஒட்டின தங்கம் மழையில் பாதி போய்விட்டது, விரல் இடுக்கில் மட்டும் இருக்கிறது. பிறகு இப்படி:

"புங்கங்கன்னு நட்டம். மொதக் கன்னு வெயில்ல கருகிப்போச்சி. ரெண்டாவது பொழச்சிக்கிச்சி, இடுப்பொசரம் இருக்குது. நெழலு உழறதுக்கு இன்னும் நாலு வருசம் ஆவும். உங்கூட்டுக்காரியயும் கொழந்தயயும் கூட்டியா. நெழலு வந்தப்புறம் வராத, அதுக்கு முந்தி வா. ஆளுக்கு ஒரு கொடம் தண்ணி ஊத்தலாம்."

மா தின்னுக்கு வரிவரியாகப் பர்மிய மொழியில் சொன்னேன். இருபது வருடத்தில் அவள் ஒருமுறைகூட என் ஊருக்கு வருகிறேன் என்று சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைத் தட்டிக் கீழே வைத்தாள்.

"கிணறு எவ்வளவு தூரம்?" என்றாள்.

"அரை மைல் இருக்கும். மேடு வேறே ஏற வேண்டும்."

"குடம் பெரியதா?"

"பெரியதுதான்."

"பரவாயில்லை," என்றாள்.